பிறப்பு விகிதத்தைக் காசு கொடுத்து உயர்த்த முடியுமா? 1 சதவீத ஒதுக்கீட்டை எதில் போடுவது?

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

ஒரு நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்று சொல்லும் எண்) 1.4 என்று வைத்துக்கொள்வோம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கூடுதலாக 1 சதவீதத்தைக் குடும்பங்களுக்காக ஒதுக்க அரசு தயார். பிறந்தவுடன் ரொக்கமாகக் கொடுப்பது, மாத உதவித்தொகை, மலிவுக் கட்டணக் காப்பகம் என மூன்று யோசனைகள் இருக்கின்றன. எது சரி என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் ஒரு நாட்டின் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஹங்கேரியைப் புகழ்பவர்கள் 2011இல் 1.23 என்று தொடங்கி, 2021இல் 1.6ஐத் தொட்டதோடு கோட்டை நிறுத்திவிடுகிறார்கள். 2024இல் அது 1.4க்குக் கீழே போனதைச் சொல்வதில்லை. பின்லாந்தை இகழ்பவர்கள் 2010இல் 1.87, 2023இல் 1.26 என்று காட்டி, "இவ்வளவு சலுகை கொடுத்தும் இதுதான் நிலை, எதுவுமே பலிக்காது" என்கிறார்கள்.

இரண்டு வாதமும் எனக்கு ஒட்டவில்லை. திட்டம் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இரண்டு தரப்பும் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொன்று: பிறப்பை உயர்த்துவதும் பிறந்த குழந்தையின் உடலிலும் மூளையிலும் முதலீடு செய்வதும் ஒரே திட்டத்தில் நடக்கக்கூடியவையா? இரண்டுக்கும் தனித்தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எண்களோடு வாருங்கள்.

---

புள்ளிவிவரப்புலி

முதலில் அளவுகோலைச் சரிபார்ப்போம். மொத்தக் கருவுறுதல் விகிதம் என்பது எந்த ஒரு பெண்ணும் வாழ்ந்து முடித்த எண் அல்ல. ஒரே ஆண்டில் 15 முதல் 49 வரை ஒவ்வொரு வயதிலும் பதிவான பிறப்பு விகிதங்களைக் கூட்டி, ஒரு கற்பனைப் பெண்ணின் தலையில் ஏற்றுகிறோம். பெண்கள் முதல் குழந்தையைத் தள்ளிப்போடும் காலத்தில் இந்த எண் உண்மையைவிடக் கீழே தெரியும். தள்ளிப்போடுவது நின்றால், யாரும் கூடுதலாக ஒரு குழந்தை பெறாமலேயே எண் ஏறும்.

மக்கள்தொகை ஆய்வாளர்கள் போங்கார்ட்ஸும் ஃபீனியும் 1998இல் கொடுத்த திருத்தம் எளிது. குழந்தை பெறும் சராசரி வயது ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறதோ, அதை 1இலிருந்து கழித்து, அந்த எண்ணால் விகிதத்தை வகுக்க வேண்டும். 1.4 விகிதமுள்ள நாட்டில் சராசரி வயது ஆண்டுக்கு 0.15 ஏறினால், 1.4ஐ 0.85ஆல் வகுக்க 1.65 வரும். கவனிக்க: முதல் குழந்தை, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைவாரியாகத் தனித்தனியே செய்து கூட்ட வேண்டும். எல்லாவற்றையும் கலந்த சராசரி வயதைப் போட்டால் தப்பான விடை வரும். மூன்றாம் குழந்தைகள் குறைந்தாலே அந்தச் சராசரி வயது இறங்கிவிடும்.

ஸ்வீடனைப் பாருங்கள். அங்கே விடுப்புக்கால ஊதியம் பிரசவத்துக்கு முந்தைய வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அடுத்த குழந்தை குறிப்பிட்ட இடைவெளிக்குள் பிறந்தால், இடையில் வேலை நேரத்தைக் குறைத்திருந்தாலும் பழைய வருமானமே அடிப்படை. இந்த இடைவெளி 1980இல் 24 மாதம், 1986இல் 30 மாதம் ஆனது. பெற்றோர் இடைவெளியைச் சுருக்கினார்கள். 1990இல் விகிதம் 2.13 வரை போனது. 1999இல் 1.5. அந்தப் பெண்கள் வாழ்நாளில் பெற்ற குழந்தைகளின் சராசரியோ ஏறக்குறைய 2இலேயே நின்றது. ஏறியதற்கு மாலை போட்டவர்களும் இறங்கியதற்கு ஒப்பாரி வைத்தவர்களும் பார்த்தது பெரும்பாலும் ஒரே காலமாற்றத்தின், அதாவது பிறப்புகள் முன்பின்னாக நகர்ந்ததன், இரு பக்கங்களை.

---

சும்மா ஒரு கேள்வி

மக்கள்தொகை குறையாமலிருக்க விகிதம் 2.1 வேண்டும் என்கிறார்களே, ஏன் 2 இல்லை? 1.4க்கும் 0.7க்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்? இரண்டுமே குறைவுதானே?

---

புள்ளிவிவரப்புலி

100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஆக ஒரு பெண் தன் இடத்தில் ஒரு மகளை விட்டுச்செல்ல 2.05 வேண்டும். அந்த மகள் குழந்தை பெறும் வயது வரை உயிரோடிருக்கும் வாய்ப்பையும் சேர்த்தால் 2.1 ஆகும், இதுதான் ஈடுசெய் அளவு. குழந்தை இறப்பு அதிகமுள்ள இடங்களில் ஈடுசெய் அளவு இதைவிடக் கூடும்.

வித்தியாசம் மிகப் பெரிது. 1.4 நீடித்தால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு தலைமுறையில் 100 பேர் இருந்த இடத்தில் 44 பேர். தென்கொரியா 2023இல் பதிவுசெய்த 0.72 நீடித்தால் அதே 100 பேர் 12 ஆவார்கள். முதலாவதைத் திட்டமிட்டுச் சமாளிக்கலாம். ரொனால்ட் லீ, ஆண்ட்ரூ மேசன் குழுவின் கணக்குப்படி, விகிதம் ஈடுசெய் அளவுக்கு மிதமாகக் கீழே இருப்பது தலா நுகர்வுக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். 0.72க்கு அந்த ஆறுதல் பொருந்தாது.

---

கணக்குப்பிள்ளை

ரொக்கத் திட்டத்தின் உண்மையான விலையைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1,00,000 பிறப்புகள். ஒவ்வொன்றுக்கும் 1,000 பணம். இதனால் பிறப்பு 5 சதவீதம் கூடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1,05,000 பேருக்குக் கொடுக்கிறோம், கூடுதலாகக் கிடைத்தது 5,000 குழந்தைகள். ஆக ஒரு கூடுதல் குழந்தையின் விலை 1,000 அல்ல, 21,000. மீதமெல்லாம் எப்படியும் பெறவிருந்தவர்களுக்குப் போகிறது. புலி சொன்ன மாதிரி அந்த 5,000இல் பாதி வெறும் காலமாற்றம் என்றால் விலை 42,000.

மூன்றாம் குழந்தைக்கு மட்டும் கொடுத்தால்? 15,000 மூன்றாம் பிறப்புகள் 10 சதவீதம் கூடி 16,500 ஆனால், ஒரு கூடுதல் குழந்தைக்கு 11,000. விலை பாதியாகிறது. ஆனால் முதல் குழந்தைக்கே தயங்கும் நாட்டில் மூன்றாவதைத் தொட எத்தனை பேர் இருப்பார்கள்?

---

வடக்குவாசல்

ரொக்கத் திட்டங்கள் எப்படிச் சறுக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியா நல்ல பாடம். 2004 மே 12 அன்று அறிவித்தார்கள்: ஜூலை 1 முதல் பிறக்கும் குழந்தைக்கு 3,000 டாலர். இடையில் ஏழு வாரம். பொருளாதார அறிஞர்கள் ஜோஷுவா கான்ஸும் ஆண்ட்ரூ லீயும் கணக்கிட்டதில், 1,000க்கும் மேற்பட்ட பிறப்புகள் ஜூனிலிருந்து ஜூலைக்குத் தள்ளிப்போயிருந்தன. அதில் சுமார் கால்வாசி இரண்டு வாரத்துக்கும் மேல். நாள் குறித்துச் செய்யும் சிசேரியனையும் மருந்து கொடுத்து வலி வரவைப்பதையும் ஒத்திவைத்துச் சாதித்தது இது. வயிற்றில் குழந்தையோடு ஒரு தேதிக்காகக் காத்திருக்க வைப்பது சுகாதாரக் கொள்கையே அல்ல.

போலந்தில் 2016 ஏப்ரலில் இரண்டாம் குழந்தை முதல் மாதம் 500 ஸ்லோட்டி. 2019 ஜூலையில் எல்லாக் குழந்தைகளுக்கும். 2024 ஜனவரியில் 800. விகிதம் 2015இல் 1.29, 2017இல் 1.45, 2023இல் 1.16.

ஹங்கேரியின் வழி கடன். 2019இல் தொடங்கிய திட்டத்தில் ஆரம்பத்தில் தம்பதிக்கு 1 கோடி ஃபோரிண்ட் வரை. முதல் குழந்தை பிறந்தால் தவணை நிறுத்திவைப்பு, இரண்டாவதில் 30 சதவீதம் தள்ளுபடி, மூன்றாவதில் மீதி முழுக்கத் தள்ளுபடி. வாக்குக் கொடுத்தபடி குழந்தை பிறக்காவிட்டால் வட்டிச் சலுகை பறிபோகும். கருத்தரிக்க முடியாமல் போவதும் மணமுறிவும் கடன் ஒப்பந்தத்துக்குள் வந்துவிடுகின்றன. வீடு வாங்கத் தந்த மானியமோ, கட்டப்படும் வீடுகளின் எண்ணிக்கை உடனே கூடாத சந்தையில், ஒரு பங்கு வீட்டு விலைக்குள்ளேயே கரைந்துவிடும்.

---

மறுப்பாளன்

கணக்குப்பிள்ளையின் 21 மடங்கு கணக்கில் ஒரு ஓட்டை. "எப்படியும் பெறவிருந்தவர்களுக்குப் போகிறது" என்றால் அது ஆற்றில் கொட்டிய பணமா? போலந்தில் அந்த 500 ஸ்லோட்டி பிறப்பை நிலையாக உயர்த்தவில்லை, சரி. ஆனால் குழந்தை வறுமை குறைந்ததே? அதை மனித மூலதனக் கணக்கில், அதாவது பிறந்த குழந்தையின் மீதான முதலீட்டில், எழுதுங்கள். பிறப்பு ஊக்கத்தொகை என்ற பெயரை எடுத்துவிட்டுக் குழந்தை உதவித்தொகை என்று போட்டால், அதே செலவு ஒரே நாளில் நல்ல திட்டமாகிவிடும்.

ரொக்கத்துக்குப் பிறப்பு அசையவே அசையாது என்பதும் மிகை. கனடாவின் கியூபெக் மாகாணம் 1988 முதல் 1997 வரை மூன்றாம் குழந்தைக்கு 8,000 டாலர் வரை தவணையில் கொடுத்தது. கெவின் மில்லிகன் ஆய்வில் அதற்குத் தெளிவான விளைவு தெரிந்தது. செலவு அதிகம், அவ்வளவுதான்.

---

கணக்குப்பிள்ளை

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. வறுமை ஒழிப்பு என்றால் தொகையை வருமானம் பார்த்து வகுப்போம், குழந்தையின் வயது பார்த்து வகுப்போம். பிறப்பை ஊக்குவிப்பது என்றால் குழந்தையின் வரிசை பார்த்து வகுப்போம். நோக்கம் மாறினால் அட்டவணையே மாறுகிறது.

---

தொட்டில்கணக்கு

காப்பகத்தைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. "மலிவுக் காப்பகம்" என்று ஒரு வரியில் எழுதுகிறவர்கள் பணியாளர் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு வயதுக்குட்பட்ட 12 குழந்தைகள். நாலு குழந்தைக்கு ஒருவர் என்றால் எந்த நேரமும் அறையில் 3 பேர் இருக்க வேண்டும். பெற்றோரின் வேலை நேரமும் பயண நேரமும் சேர்ந்து காப்பகம் 11 மணி நேரம் திறந்திருக்க வேண்டும். பணியாளரின் நாள் 8 மணி நேரம், அதில் பதிவேடு, சுத்தம், இடைவேளைக்கு ஒரு மணி போக அறையில் 7. ஆக ஓர் இடத்தை நிரப்ப 11ஐ 7ஆல் வகுத்தால் 1.57 ஆள். மூன்று இடத்துக்கு 4.7. விடுப்பு, உடல்நலக்குறைவு, பயிற்சிக்கு 12 சதவீத நாள் போகும் என்றால் 5.4. கடைசியில் ஒரு சம்பளத்துக்கு 2.2 குழந்தைதான் வருகிறது. விளம்பரத்தில் 4 என்று இருக்கும்.

இதை மறைத்துக் கட்டணத்தை மட்டும் குறைத்தால் மூன்று வழியில் உடையும். ஒன்று, காத்திருப்போர் பட்டியல். வேலையில் இருக்கும், விவரம் தெரிந்த பெற்றோர் கர்ப்பகாலத்திலேயே பெயர் கொடுத்துவிடுவார்கள், ஏழைக் குடும்பம் வாலில் நிற்கும். இரண்டு, பயிற்சி இல்லாதவர்களை வேலைக்கு எடுப்பது. மூன்று, ஆட்கள் வந்த வேகத்தில் போவது. ஓராண்டில் மூன்று முகம் மாறினால் எட்டு மாதக் குழந்தைக்கு எந்தக் கல்வித் திட்டமும் உதவாது.

கியூபெக்கில் 1997இல் நாளுக்கு 5 டாலர் என்று தொடங்கினார்கள். பேக்கர், க்ரூபர், மில்லிகன் 2008இல் வெளியிட்ட ஆய்வில், துணையோடு வாழும் தாய்மாரின் வேலைவாய்ப்பு 7.7 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. அதே ஆய்வில் குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருந்தன. எதிர்ப்பக்கம் நார்வேயின் 1975 விரிவாக்கம். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நகராட்சிவாரியாக இடங்களைக் கூட்டினார்கள். ஹாவ்னெஸும் மோக்ஸ்டாடும் பின்தொடர்ந்து பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் பெரியவர்களானபின் கல்வியும் வேலையும் மேம்பட்டிருந்தன. தாய்மாரின் வேலைவாய்ப்பு அவ்வளவாக மாறவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே உறவினரிடமோ தெரிந்தவரிடமோ விட்டுப்போனவர்கள்தான் காப்பகத்துக்கு மாறினார்கள்.

ஒரே சொல், இரண்டு எதிரெதிர் விளைவுகள். குழந்தையின் வயது, பணியாளரின் தரம், காப்பகம் இல்லாவிட்டால் குழந்தை எங்கே இருந்திருக்கும், இந்த மூன்றையும் கேட்காமல் "காப்பகம் நல்லது" என்று சொல்வதில் பொருளில்லை.

---

சும்மா ஒரு கேள்வி

அப்பாவுக்கும் விடுப்பு கொடுத்தால் அம்மாவின் சுமை குறையும், அடுத்த குழந்தை வரும் என்கிறார்களே?

---

வடக்குவாசல்

எப்போதும் அப்படி நடப்பதில்லை. ஸ்பெயின் 2007இல் தந்தைக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பு கொண்டுவந்தது. ஃபாரேயும் கொன்சாலேஸும் செய்த ஆய்வில், தகுதிபெற்ற தந்தையர் குழந்தை வளர்ப்பில் கூடுதலாகக் கைகொடுத்தார்கள், ஆனால் அந்தத் தம்பதிகள் அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள். ஆண்கள் விரும்பும் குழந்தை எண்ணிக்கையும் குறைந்தது. வளர்ப்பின் உழைப்பு கைக்கு வந்தபின் விலை தெரிந்திருக்கும் போல. இதற்காக அந்த விடுப்பு தவறு என்று சொல்லமாட்டேன். பிறப்பு விகிதத்துக்காக என்று விற்றதுதான் தவறு.

வடிவமைப்பில் இரண்டு விஷயம். தந்தைக்கென்று ஒதுக்கிய நாள்களைத் தாய்க்கு மாற்ற முடிந்தால் அவை மாறிவிடும். ஸ்வீடனில் ஒரு குழந்தைக்குரிய 480 நாளில் தலா 90 நாள் மாற்ற முடியாதது. அடுத்தது, ஊதியத்துக்கு ஏற்ற தொகை. ஜெர்மனி 2007இல் நிகர ஊதியத்தில் 67 சதவீதம், மாதம் 1,800 யூரோ உச்சவரம்பு, 12 மாதம், மற்ற பெற்றோரும் எடுத்தால் கூடுதலாக 2 மாதம் என்று மாற்றியது. நல்ல சம்பளம் வாங்கும் பெண்களிடம்தான் பிறப்பு கூடியது. தட்டையான தொகை அவர்களை அசைக்காது. ஆனால் கூடுதல் பணம் அதிகம் சம்பாதிப்பவர்களுக்கே போகிறது என்பதும் உண்மை. இதற்கு மேல் எண்ணால் தீர்க்க முடியாது, அரசியல்தான்.

---

மறுப்பாளன்

எல்லோரும் ஏற்கெனவே தம்பதியாக இருப்பவர்களைப் பற்றியே பேசுகிறோம். ஜப்பானில் மணவாழ்வில் 15 முதல் 19 ஆண்டு கடந்த தம்பதிகளின் சராசரிக் குழந்தைகள் 2021 ஆய்விலும் 1.90. நாட்டின் விகிதமோ 2024இல் 1.15. இடைவெளியின் பெரும்பகுதி மணம் முடிக்காதவர்கள், தாமதமாக முடிப்பவர்கள். மணத்துக்கு வெளியே பிறப்பு அரிதான சமூகத்தில் இரண்டாம் குழந்தை மானியம் எவ்வளவு கொட்டினாலும் வாசலுக்கு வெளியே நிற்பவர்களை எட்டாது. அவர்களுக்கு வேண்டியது நிரந்தர வேலை, தனி வீடு, மனித நேரத்துக்கு முடியும் அலுவலகம்.

இன்னொரு கசப்பான விஷயம் டியூஷன். தேர்வுத் தரவரிசையில் இடம் பிடிக்கத்தான் செலவு என்றால், எல்லோர் கையிலும் கூடுதல் பணம் கொடுத்தால் எல்லோரும் கூடுதலாகச் செலவழிப்பார்கள், வரிசை மாறாது. உதவித்தொகையைப் பந்தயம் விழுங்கிவிடும். தென்கொரியா 1980இல் தனியார் டியூஷனைத் தடைசெய்தது, 2000இல் அரசமைப்பு நீதிமன்றம் தடையை நீக்கியது. சீனா 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான டியூஷன் நிறுவனங்கள் லாபம் பார்க்கக் கூடாது என்றது. தேவை அப்படியே இருக்கும்போது தடை, வகுப்பை மறைவிடத்துக்குத் தள்ளி விலையைக் கூட்டும். மேலே இருக்கும் சில பல்கலைக்கழகங்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான சம்பள வித்தியாசத்தைக் குறைக்காமல் பந்தயம் ஓயாது.

---

விதைநெல்

மனித மூலதனப் பக்கம் வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் ஆதாரம் கெட்டியாக இருக்கிறது.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், வயது 9 முதல் 24 மாதம். சமூக சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய், ஒரு மணி நேரம், தாயையும் குழந்தையையும் சேர்த்து விளையாட வைப்பார். பொம்மைகள் வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்தவை. இரண்டு ஆண்டு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் சார்ந்த ஊட்டப்பொருள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 25 சதவீதம் அதிகம், வளர்ச்சி குன்றாத குழந்தைகளின் அளவை எட்டியிருந்தார்கள். ஊட்டப்பொருள் மட்டும் பெற்ற பிரிவில் அந்த நீண்டகால விளைவு தெரியவில்லை.

இதைக் கேட்டவுடன் "நாடு முழுக்க நடத்துவோம்" என்று கிளம்பினால் கொலம்பியாவைப் பார்க்க வேண்டும். அதே பாடத்திட்டத்தை, ரொக்க உதவித் திட்டத்தின் உள்ளூர்த் தாய்த் தலைவிகளை வைத்து 18 மாதம் நடத்தினார்கள். முடிந்தவுடன் அளந்தால் முன்னேற்றம் தெரிந்தது, இரண்டு ஆண்டு கழித்து அளந்தால் கரைந்துவிட்டது. தொடக்க விளைவே சிறியது, குழந்தைகள் அவ்வளவு பின்தங்கியவர்களும் அல்லர். பெரிய அளவில் நடத்தும்போது முதலில் வெட்டப்படுவது மேற்பார்வை. ஒரு மேற்பார்வையாளர் பணியாளரோடு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்க்காத இடத்தில், வருகை கையெழுத்து வாங்கும் சடங்காகிவிடும்.

மலிவானவற்றை முதலில் முடியுங்கள். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழாய் கருவுற்ற நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்வதால், கர்ப்பம் தெரிந்தபின் தொடங்கினால் பெரும்பாலும் தாமதம். கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின், அதாவது உப்பில் அயோடின் சேர்ப்பது ஒழுங்காக நடக்கிறதா என்ற சோதனை. இதையெல்லாம் செய்யாமல் காப்பகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

---

கணக்குப்பிள்ளை

> பிள்ளைகள் குறைந்தால் ஒவ்வொருவர் மீதும் முதலீடு தானாகக் கூடும்

இதை யாரும் இங்கே எழுதவில்லை என்றாலும் எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே. பொருளாதார அறிஞர் கேரி பெக்கரின் எண்ணிக்கை-தரம் வாதம் பெற்றோரின் தெரிவை விளக்கும். ஆனால் பிளாக், டெவெரோ, சல்வானெஸ் மூவரும் 2005இல் நார்வே தரவை வைத்துப் பார்த்தபோது, பிறப்பு வரிசையைக் கணக்கில் எடுத்தவுடன் குடும்ப அளவின் தனி விளைவு ஏறக்குறைய மறைந்துவிட்டது. பொதுப்பள்ளி நன்றாக இயங்கும் இடத்தில் அப்படி. வீட்டுப் பணம்தான் பள்ளி என்றால் விடை வேறாக இருக்கலாம்.

---

சும்மா ஒரு கேள்வி

தள்ளிப்போடுவதுதான் சிக்கல் என்றால், ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) செலவை அரசே ஏற்றால் போதுமே?

---

விதைநெல்

போதாது. ஹென்றி லெரிடன் 2004இல் வெளியிட்ட கணக்கு: 30 வயதில் முயற்சி தொடங்கும் பெண்களில் 75 சதவீதத்தினருக்கு, பிறப்பில் முடியும் கரு ஓராண்டுக்குள் இயல்பாகத் தரிக்கும். 35இல் 66, 40இல் 44. முயற்சியை 30இலிருந்து 35க்குத் தள்ளுவதால் இழக்கும் பிறப்புகளில் பாதியைத்தான் செயற்கைக் கருத்தரிப்பு மீட்கும், 35இலிருந்து 40க்குத் தள்ளினால் 30 சதவீதத்துக்கும் குறைவு. தனிமனிதருக்கு அது பெரிய உதவி, நிதி கொடுக்கலாம். நாட்டின் விகிதத்தைத் தூக்கிநிறுத்தும் கருவி அது இல்லை.

---

தொட்டில்கணக்கு

ஒன்று கேட்க விட்டுப்போனது. ஆஸ்திரேலியா மாதிரி தேதிக்கூத்து நடக்காமல் தொகையை எப்படி அறிமுகம் செய்வது?

---

வடக்குவாசல்

ஒரே நாளில் 0இலிருந்து முழுத்தொகைக்குத் தாவாதீர்கள். பன்னிரண்டு மாதத்தில் ஏற்றுங்கள், மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதுவும் மாதத்தின் முதல் நாளில் படியாக இல்லாமல் பிறந்த நாளைக் கொண்டு நாள்வாரியாக. ஒரு நாள் தள்ளினால் கிடைப்பது 365இல் ஒரு பங்கு. அதற்காக யாரும் அறுவை சிகிச்சை நாளை மாற்றமாட்டார்கள்.

---

புள்ளிவிவரப்புலி

மருத்துவமனைக்கு நல்லது, மதிப்பீட்டுக்குக் கெட்டது. முன்னால் பிறந்தால் இல்லை, பின்னால் பிறந்தால் உண்டு என்ற வெட்டுத்தேதி இருந்தால்தான் இருபக்கமும் ஒப்பிட முடியும். அதை எடுத்துவிட்டால், விளைவையும் பொதுவான போக்கையும் பிரிக்க வழியில்லை. மாவட்டங்களைக் குலுக்கிப் போட்டு மூன்று அணியாகப் பிரித்து, ஓராண்டு இடைவெளியில் தொடங்கினால் இரண்டும் கிடைக்கும். தகுதியைப் பிரசவம் நடந்த இடத்தை வைத்துத் தீர்மானிக்காமல், அறிவிப்புக்கு முந்தைய நாளில் தாய் எங்கே வசித்தார் என்பதை வைத்துத் தீர்மானியுங்கள், இல்லாவிட்டால் மக்கள் இடம்பெயர்ந்துவிடுவார்கள். பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த தேதி, குழந்தையின் வரிசை எண், முந்தைய குழந்தையின் பிறந்த தேதி, இந்த மூன்று புலங்களும் முதல் நாளிலிருந்தே கட்டாயம்.

---

மறுப்பாளன்

மூன்றாம் அணி மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர் இரண்டு ஆண்டு பொறுத்திருப்பாரா?

---

புள்ளிவிவரப்புலி

மாட்டார். அதனால் குலுக்கலை அவர் முன்னாலேயே நடத்த வேண்டும், மூன்றாம் அணியின் தொடக்கத் தேதி சட்டத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும்.